வீட்டு விளக்குகளுக்கு ஒரு செக்ரோல்: எல்இடி பல்புகள் பற்றி மூன்றரை ஆண்டுக் கணக்கு

எங்கள் வீட்டில் எரிகிற ஒவ்வொரு பல்பின் கழுத்திலும் ஒரு தேதி எழுதியிருக்கும். பல்பை ஹோல்டரில் திருகுவதற்கு முன் அழியாத மைப் பேனாவால் நாள், மாதம், ஆண்டு மூன்றையும் குறித்து, அதே தேதியை ஒரு நீள நோட்டிலும் ஏற்றிவிடுவது 2022 மார்ச் முதல் என் வழக்கம். தோட்டத்து அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிராணியாக, அதாவது எழுத்தராக, செக்ரோல் என்ற ஆள்வருகைப் பதிவேட்டை எழுதிய கை இது. ரப்பர்ப் பால்வெட்டுக்கும் செம்பனைக் குலை வெட்டுக்கும் வந்த ஆள், வராத ஆள் என்று பதிந்து பழகியவனுக்கு, ஓய்வு பெற்று மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்துக்குக் குடிவந்த பின் பதிவதற்குப் பல்புகள்தாம் மிஞ்சின. "பல்புக்கும் பேர் போட ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று என் மனைவி முதல் வாரம் கேட்டதோடு சரி, இப்போது எந்தப் பல்பு அணைந்தாலும் அவரே தேதியைப் படித்துச் சொல்லிவிடுகிறார்.

அந்த நோட்டை வைத்து எழுதும் மதிப்புரை இது. மூன்று வகைப் பொருள்களைப் பற்றிச் சொல்லப் போகிறேன்: பட்டணத்து மின்பொருள் கடையில் ஒரு பல்பு எட்டு வெள்ளி (ரிங்கிட்) வீதம் உத்தரவாதத்தோடு வாங்கிய ஒன்பது வாட் எல்இடி பல்புகள், இரவுச் சந்தையில் பத்து வெள்ளிக்கு மூன்று என்று வாங்கிய பல்புகள், பழைய குழல் விளக்குகளுக்குப் பதிலாக மாட்டிய நான்கடி எல்இடி குழல்கள். நிறுவனங்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். பதினான்கு விளக்குகள் உள்ள ஒரு வீட்டின் நோட்டை வைத்துக்கொண்டு ஒரு நிறுவனத்தைத் தூக்கிப் பேசுவதும் முறையாகாது, தாழ்த்திப் பேசுவதும் முறையாகாது.

முதலில் சந்தைப் பல்பு. அட்டையில் பதினைந்து வாட் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. எத்தனை லூமன் வெளிச்சம் தரும் என்ற எண்ணும் இல்லை, சிரிம் என்ற தரச் சான்று முத்திரையும் இல்லை, தயாரித்தவரின் முகவரியும் இல்லை. பிளக்கில் செருகி அளக்கும் சிறிய வாட் மீட்டர் ஒன்று என்னிடம் உண்டு. அதில் மாட்டிப் பார்த்தபோது எண் எட்டைத் தாண்டவில்லை. குறைந்த மின்சாரத்தைத்தானே எடுக்கிறது, நமக்கு இலாபம்தானே என்று தோன்றலாம். ஆனால் வாட் என்பது பல்பு உண்ணும் அளவு. வெளிச்சத்தின் அளவைச் சொல்வது லூமன். பழைய அறுபது வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சம் ஏறத்தாழ 800 லூமன். நல்ல ஒன்பது வாட் எல்இடி அந்த அளவைத் தந்துவிடும். சந்தைப் பல்பை அதே இடத்தில் மாட்டிப் பார்த்தால், கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு அறை மங்கலாக இருந்தது. பெயருக்குப் பதினைந்து, வயிற்றுக்கு எட்டு, வேலைக்கு அதிலும் குறைவு. இப்படிப்பட்ட ஆள்களைத் தோட்டத்திலும் நான் பார்த்திருக்கிறேன்.

மூன்று சந்தைப் பல்புகளில் ஒன்று ஐந்தாம் மாதத்திலும், மற்றொன்று ஒன்பதாம் மாதத்திலும் அணைந்தன. மூன்றாவது, வாரத்தில் ஓரிரு முறை மட்டுமே திறக்கும் சாமான் அறையில் இருப்பதால் இன்னும் உயிரோடு இருக்கிறது. முதலில் இறந்ததைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. ஹோல்டரிலிருந்து கழற்றி, ஒரு நாள் ஆறவிட்டு, சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து வெள்ளை மூடியை முறுக்கியபோது அது பெரிய எதிர்ப்பு எதுவும் காட்டாமல் கழன்று வந்தது. உள்ளே மேரி பிஸ்கட் அகலத்தில் ஒரு வெள்ளைத் தகடு. அதில் வட்டமாகப் பன்னிரண்டு மஞ்சள் பொட்டுகள். பதினொன்று புதிதாக வைத்த மஞ்சள் போலவே இருந்தன. பன்னிரண்டாவதன் நடுவே மட்டும் கடுகளவு கறுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தது. பொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சரத்தைப் போல இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்று கருகி அறுந்தாலே மின்சாரத்துக்கு வழி அடைபட்டு மற்ற பதினொன்றும் சேர்ந்து அணைந்துவிடுகின்றன. தகட்டின் பின்னால் சூட்டை வாங்கிக்கொள்ள எதுவுமே இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் கழுத்தும் காற்றும்தான்.

பிறகு ஒப்பிடுவதற்காகக் கடைப் பல்பு ஒன்றையும் திறந்தேன். (அது தானாக இறந்ததில்லை, ஏணியிலிருந்து என் கை தவறி விழுந்தது. நோட்டில் அதற்கு "விபத்து" என்று எழுதியிருக்கிறேன்.) அதன் கழுத்துக்குள் கனமான அலுமினிய உறை ஒன்று தகட்டை ஒட்டி அமர்ந்திருந்தது. அடியில் தனிப் பலகை ஒன்றில், மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் உறுப்புகள் இருந்தன. அவற்றில் உருளை வடிவக் கெப்பாசிட்டரின் மேல், அது தாங்கும் சூடு 105 டிகிரி என்று அச்சிட்டிருந்தது. எட்டு வெள்ளிக்கும் மூன்றே கால் வெள்ளிச் சொச்சத்துக்கும் இடையிலான வேறுபாடு முழுவதும் அந்த அலுமினியத்திலும் அந்தச் சிறு பலகையிலும்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு. வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும்.

இதைச் சற்று விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. எல்இடி பல்பு சூடாகாது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குண்டு பல்பு தான் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் சூடாக மாற்றியது. ஆனால் அந்தச் சூட்டில் பெரும்பகுதியை வெளிச்சத்தோடு சேர்த்து வெளியே வீசிவிட்டது. எல்இடியில் சூடு மிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அது முன்னால் வீசப்படாமல் பின்னால் கழுத்துக்குள் இறங்குகிறது. அந்தக் கழுத்தில்தான் கெப்பாசிட்டர் குடியிருக்கிறது. கெப்பாசிட்டரைச் சூழ்ந்த சூடு பத்து டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லாரும் கைக்கொள்ளும் கணக்கு. ஆகவே பல்பின் ஆயுள் பெட்டியில் அச்சிட்ட எண்ணைவிட, அதை நாம் எந்தக் கூட்டுக்குள் அடைக்கிறோம் என்பதைப் பொறுத்தே அதிகம் அமைகிறது.

இதற்கு என் நோட்டிலேயே சாட்சி இருக்கிறது. வாசல் முகப்பில் கண்ணாடிக் கிண்ணம் மூடிய விளக்குக் கூடு ஒன்று உண்டு. மாலை ஏழு மணிக்குப் போட்டால் காலை ஏழு மணிவரை எரியும். அதில் 2022 மார்ச்சில் மாட்டிய நல்ல கடைப் பல்பு அக்டோபரில் அணைந்தது. ஏழு மாதம், நாளுக்குப் பன்னிரண்டு மணி என்றால் சுமார் 2,500 மணி நேரம். பெட்டியில் அச்சிட்டிருந்ததோ 15,000. கோபத்தோடு பல்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன்.

அந்தக் கடையைப் பற்றி இங்கே சொல்லத்தான் வேண்டும். பட்டணத்துப் பழைய கடைவரிசையில், வெளியே பிளாஸ்டிக் வாளிகளும் உள்ளே வயர்ச் சுருள்களும் தொங்கும் குறுகலான கடை அது. எந்தப் பல்பை வாங்கினாலும் மேசை மேல் உள்ள சோதனை ஹோல்டரில் மாட்டி எரியவிட்டுக் காட்டிய பிறகே பையில் போடுவார்கள். கல்லாவில் இருந்த இளைஞர் என் புகாரை முழுவதும் கேட்டுவிட்டு, உத்தரவாதத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்.

"கிராணி ஐயா, இத மூடுன கூட்டுக்குள்ளயா போட்டீங்க?"

"ஆமா தம்பி, கண்ணாடிக் கூடு."

"பெட்டிக்குப் பின்னால பாருங்க ஐயா. மூடுன கூட்டுக்கு ஆகாதுன்னு படம் போட்டிருக்கான்."

படம் இருக்கத்தான் செய்தது, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் தெரிகிற அளவில். இருந்தாலும் அவர் புதிய பல்பு ஒன்றைத் தந்து, கூட்டின் அடிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மாட்டும்படி சொன்னார். கண்ணாடியைக் கழற்றியபோது உள்ளே ஒரு கைப்பிடி அளவுக்கு ஈசல் சிறகுகளும், காய்ந்துபோன பல்லி ஒன்றும் கிடந்தன. அந்தப் பல்பு 2022 அக்டோபர் முதல் இன்றுவரை அதே பன்னிரண்டு மணி நேரம் எரிந்துகொண்டிருக்கிறது. 13,000 மணி நேரத்தை எட்டிவிட்டது. ஒரே நிறுவனம், ஒரே வாட், ஒரே ஹோல்டர். மாறியது ஒரு கண்ணாடிக் கிண்ணம் மட்டுமே. கூரைச் சாரல் படாத இடம் என்பதால் கண்ணாடி இல்லாமல் விட முடிந்தது. மழை நேராக அடிக்கும் இடமாக இருந்தால் அப்படிச் செய்யக் கூடாது. அங்கே மூடிய கூட்டுக்கென்று செய்த விளக்கையே வாங்க வேண்டும்.

மணிக்கணக்கைப் பற்றி ஒரு விளக்கம். பெட்டியில் 15,000 மணி நேரம் என்று போட்டிருந்தால், நாளுக்கு ஐந்து மணி நேரம் எரியும் கூடத்து விளக்குக்கு அது எட்டு ஆண்டைத் தாண்டும். இரவெல்லாம் எரியும் வாசல் விளக்குக்கு மூன்றரை ஆண்டுக்குள் முடிந்துவிடும். அந்த எண் பெரும்பாலும் பல்பு அணையும் நாளைக் குறிப்பதும் இல்லை. வெளிச்சம் தொடக்க அளவில் எழுபது விழுக்காடாகத் தேய்கிற நேரத்தையே எல்இடியின் ஆயுள் முடிவாகக் கொள்வது வழக்கம். என் வாசல் பல்பும் அந்தப் பாதையில்தான் இருக்கிறது: சென்ற மாதம் அதே வகைப் புதுப் பல்பு ஒன்றைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் பழையது எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்பது தெரிந்தது. நாள்தோறும் பார்க்கிற முகத்தில் வயது தெரிவதில்லை.

குழல் விளக்குகளுக்கு வருகிறேன். சேமிப்பு என்று பார்த்தால் இந்த மதிப்புரையில் அதிக மதிப்பெண் இவற்றுக்கே. மலாய்க்காரர்கள் கலிமந்தாங் என்று சொல்லும் அந்த நான்கடிக் குழல்கள் எங்கள் கூடத்திலும் சமையலறையிலும் பழைய சோக்கோடு இருந்தன. குழல் 36 வாட் என்றாலும் கனத்த இரும்புச் சோக் தனக்கென்று மேலும் எட்டு, ஒன்பது வாட் எடுத்துக்கொள்வதால், மொத்தம் ஏறத்தாழ 45 வாட் ஆகும். அதற்குப் பதிலாக மாட்டியது 18 வாட் எல்இடி குழல். நாளுக்கு ஆறு மணி நேரம் எரிந்தால் ஒரு குழலில் மாதம் சுமார் 4.9 யூனிட் மிச்சமாகிறது.

இது பணமாக எவ்வளவு என்பதைச் சொல்வதற்கு 2025 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய கட்டண முறையைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. முன்பு முதல் 200 யூனிட் 21.8 காசு, அடுத்த 100 யூனிட் 33.4 காசு என்று படிப்படியாக ஏறிய முறை போய்விட்டது. இப்போது மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு, மின்சக்திக்கு 27.03 காசு, மின் உற்பத்திக் கொள்ளளவுக்கு 4.55 காசு, மின்கம்பி வலையமைப்புக்கு 12.85 காசு என மூன்றும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 காசு ஆகிறது. அதன்பின் 1,000 யூனிட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சிக்கன ஊக்கச் சலுகை கழிகிறது. 200 யூனிட்டுக்குள் முடிப்பவருக்கு அது யூனிட்டுக்கு 25 காசு, பயன்பாடு கூடக் கூடச் சலுகை தேய்ந்துகொண்டே போகும். ஆகவே ஒரு குழல் மாற்றியதன் மிச்சம், சலுகைக்கு முந்திய விலையில் மாதம் 2 வெள்ளி 16 காசு. 200 யூனிட்டுக்குள் வாழும் சின்னக் குடும்பத்துக்கு 94 காசு. நான் ஒரு குழலைப் பதின்மூன்று வெள்ளிக்கு வாங்கினேன். பெரிய குடும்பத்தில் ஏழு மாதத்திலும், இருவர் மட்டும் இருக்கும் எங்களைப் போன்ற வீட்டில் ஓராண்டுக்கு மேலும் முதல் திரும்பும்.

இந்த எண்களைப் பார்த்து ஏமாற்றம் அடைகிறவர்கள் இருப்பார்கள். பல்பை மாற்றினால் பில் பாதியாகும் என்று விற்பனைக்காரர்கள் சொல்வதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு 94 காசு சிறியதாகத்தான் தெரியும். உண்மையில் குழலில் ஒரு மாதம் மிச்சமாகும் 4.9 யூனிட்டை, படுக்கை அறையில் உள்ள ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில், ஓர் இரவிலேயே குடித்துவிடும். விளக்கில் சேமிப்பது நல்லது. ஆனால் விளக்கில் சேமித்ததை வைத்து ஏர்கோனை இரண்டு டிகிரி கூடுதலாகக் குளிரவைக்கும் பக்கத்து வீட்டுக் கணக்கு எனக்குப் புரிவதில்லை.

அதே நேர்மையோடு இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நன்றாக எரியும் 14 வாட் சுருள் பல்பை (சிஎஃப்எல்) கழற்றிவிட்டு ஒன்பது வாட் எல்இடி மாட்டினால், நாளுக்கு ஐந்து மணி நேரத்தில் மாதம் முக்கால் யூனிட்தான் மிச்சம். முப்பத்து மூன்று காசு. அதற்காக உயிரோடு இருப்பதைத் தூக்கி எறிவது வீண். அது அணையும்வரை காத்திருந்து மாற்றினால் போதும். விதிவிலக்கு கழிவறையும் மாடிப்படியும். அடிக்கடி போட்டு அணைப்பது சுருள் பல்பின் ஆயுளைக் குடைந்துவிடும். எங்கள் கழிவறையில் அது ஓராண்டைத் தாண்டியதே இல்லை. எல்இடி அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. அங்கே மாட்டியது இன்றும் எரிகிறது. "பத்து நிமிஷத்துல திரும்ப வரப் போறோம், எரியட்டும் விடுங்க" என்ற பழைய பழக்கத்தை, எல்இடி உள்ள அறைகளில் விட்டுவிடலாம்.

கழற்றிய சுருள் பல்பையும் பழைய குழலையும் குப்பைப் பையில் மற்றவற்றோடு போட்டு நசுக்கக் கூடாது. உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. கை தவறி உடைந்தால் சன்னல்களைத் திறந்து, பிள்ளைகளை வெளியே அனுப்பி, சற்றுப் பொறுத்து, கெட்டி அட்டையால் சில்லுகளை வழித்து மூடியுள்ள போத்தலில் போட வேண்டும். துடைப்பமும் வேக்குவமும் பொடியைப் பரப்பிவிடும். நான் புகழ்ந்த அந்தக் கடை பழைய விளக்குகளைத் திரும்ப வாங்கிக்கொள்வதில்லை. இது அதன் மேல் எனக்குள்ள முதல் குறை.

எல்இடி குழலில் சில எச்சரிக்கைகள் உண்டு. குழலோடு பெட்டியில் ஸ்டார்ட்டர் போன்ற ஒரு சிறு உருளை வரும். பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டு இதையே மாட்ட வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கிறதே என்று பழையதை விட்டுவிடக் கூடாது. சோக் மின்னணு வகையாக இருந்தால், பொருந்தும் என்று பெட்டியில் எழுதியிராத குழலை மாட்டக் கூடாது. பழைய இரும்புச் சோக்கை அப்படியே விட்டாலும் விளக்கு எரியும், ஆனால் சோக் ஒன்றிரண்டு வாட்டைத் தின்றுகொண்டே இருக்கும். அதை முழுவதும் நீக்கி நேராக இணைப்பது பதிவு பெற்ற வயர்மேன் செய்யும் வேலை. இன்னொரு வேறுபாடு, பழைய குழல் நாலாபக்கமும் வெளிச்சம் வீசியது. எல்இடி குழல் கீழ்நோக்கியே வீசும். மேசையில் செய்தித்தாள் படிக்கும் எனக்கு முன்பைவிட நன்றாகத் தெரிகிறது. ஆனால் மேற்கூரை இருண்டு, கூடம் சற்றுத் தாழ்ந்துவிட்டது போன்ற தோற்றம் முதல் சில நாள் உறுத்தியது.

வயர்மேன் என்றதும் இந்த மூன்றரை ஆண்டில் நான் கற்ற மிக முக்கியமான பாடம் நினைவுக்கு வருகிறது. அது பல்பைப் பற்றியதே அன்று. பின் அறையில் எல்இடி மாட்டிய முதல் இரவு, சுவிட்சை அணைத்த பிறகும் பல்பு மின்மினி போல மெல்ல ஒளிர்ந்துகொண்டிருந்தது. விருந்துக்கு வந்திருந்த என் மாமியார், அந்த அறையில் தனியாகப் படுக்க மாட்டேன் என்று கூடத்துக்கே பாயைக் கொண்டுவந்துவிட்டார். பல்பு பழுது என்று மாற்றிப் பார்த்தேன், புதியதும் ஒளிர்ந்தது. பொதுவாக இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. சுவிட்சிலேயே சிறு சிவப்பு விளக்கு பொருத்தியிருந்தால் அதன் வழியாகக் கசியும் மிகச் சிறிய மின்னோட்டம் எல்இடியை ஒளிரவைக்கும். குண்டு பல்புக்கு அந்தக் கசிவு ஒரு பொருட்டாக இருந்ததில்லை. எங்கள் சுவிட்சில் சிவப்பு விளக்கு கிடையாது. வயர்மேனை அழைத்தேன். சோதனைத் திருப்புளியை ஹோல்டரில் வைத்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அங்கிள், சுவிட்ச் ஆஃப்ல இருக்கு. ஆனா ஹோல்டர்ல கரண்டு இருக்கு பாருங்க."

வீட்டை முன்பு கட்டியவரோ, பிறகு அறையை நீட்டியவரோ, சுவிட்சை மின்சாரம் வரும் லைவ் கம்பியில் வைக்காமல், திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் வைத்திருக்கிறார். இதுதான் நான் சொன்ன இரண்டாவது காரணம். விளக்கு அணையும், ஆனால் ஹோல்டர் இரவும் பகலும் உயிரோடு இருக்கும். அணைத்துவிட்டோம் என்று நம்பி எத்தனை முறை அந்த ஹோல்டரில் நான் பல்பு மாற்றியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தபோது உடல் சில்லிட்டது. அரை மணி நேரத்தில் கம்பியை மாற்றிக் கொடுத்தார், ஒளிர்வும் நின்றது. நாற்பது வெள்ளி வாங்கினார். நோட்டில் நான் எழுதிய செலவுகளிலேயே மனம் நிறைந்து கொடுத்தது அதுதான். அணைத்த பிறகும் ஒளிரும் எல்இடியை யாரும் அலட்சியப்படுத்த வேண்டாம். அதற்குப் பிறகு எந்த ஹோல்டரைத் தொடுவதானாலும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டே நான் ஏணி ஏறுகிறேன்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் 6500 கெல்வின் என்று எழுதிய வெள்ளை ஒளிப் பல்புகளே. படிக்கவும் காய்கறி நறுக்கவும் அது ஏற்றது. சாமி மேடைக்கு ஏற்றதன்று. சந்தைப் பல்பின் கீழ் என் மனைவியின் குங்குமம் செங்கல் பொடி போலவும், மிளகாய்த் தூள் பழையது போலவும் தெரிந்தன. மலிவான எல்இடிகள் சிவப்பு நிறத்தை ஒழுங்காகக் காட்டாமைதான் காரணம். பெட்டியில் நிறத்தைக் காட்டும் திறனுக்கான எண் 80 அல்லது அதற்கு மேல் என்று இருந்தால் ஓரளவு நம்பலாம். மஞ்சள் ஒளி தரும் 3000 கெல்வின் பல்பைக் கேட்டால், "யாரும் வாங்குறது இல்ல ஐயா" என்பதே கடையின் பதில். இது இரண்டாவது குறை.

மூன்றாவது குறை ரசீது. இரண்டாண்டு உத்தரவாதம் என்கிறார்கள், ஆனால் ரசீதைச் சூட்டில் அச்சாகும் மெல்லிய தாளில் தருகிறார்கள். எங்கள் ஊர் வெக்கையில் ஆறு மாதத்தில் அது வெற்றுத் தாளாகிவிடுகிறது. வாங்கிய அன்றே கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். பல்பின் கழுத்தில் நான் எழுதிய தேதியைக் கடைக்காரர் சாட்சியாக ஏற்பதில்லை. ஏற்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதும் இல்லை.

இடி மின்னல் பற்றியும் சொல்ல வேண்டும். 2024-இல் ஒரு மாலை இடிக்குப் பின் இரண்டு நல்ல பல்புகள் ஒரே நேரத்தில் போயின. அவற்றை நோட்டில் பல்பின் குறையாக எழுதவில்லை. கைபேசியோடு இணையும் பல்பு ஒன்றை மகன் கோலாலம்பூரிலிருந்து கொண்டுவந்தான். அணைந்திருக்கும் போதும் ஆணைக்காகக் காத்துக்கொண்டு சிறிது மின்சாரம் எடுக்கும் விளக்கு எனக்கு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

குண்டு பல்பை நம் நாட்டில் 2014 தொடக்கத்தில் விற்பனையிலிருந்து ஒழித்தார்கள். அதற்கு முந்திய ஆண்டே மின்விளக்குகளுக்குக் குறைந்தபட்சத் திறன் விதியும் வந்துவிட்டது. லயத்து வீட்டில் நான் வளர்ந்த காலத்தில் தோட்டத்து ஜெனரேட்டர் மாலை ஆறரைக்குக் கிளம்பி இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். நிற்பதற்கு முன் இருமுறை மினுக்கும். அது படுக்கைக்குப் போகச் சொல்லும் சைகை. ஒரு வீட்டுக்கு இரண்டு பல்பு என்பது அன்றைய அளவு. இன்று எங்கள் இருவருக்குப் பதினான்கு இருக்கின்றன, அவற்றில் எட்டு மாலையில் ஒன்றாக எரிகின்றன. வாட்டைக் குறைத்துவிட்டு எண்ணிக்கையைக் கூட்டினால் மீட்டருக்கு என்ன வேறுபாடு என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டதன் பலனாக, வாசல் பக்கச் சுவரில் இரவெல்லாம் எரிந்த பழைய குழலை எடுத்துவிட்டு ஐந்து வாட் பல்பு ஒன்று வைத்தேன். மாதம் பதினாறு யூனிட் எடுத்தது இரண்டு யூனிட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. பன்னிரண்டு மணி நேரம் எரிந்தும் எண்பது காசுக்குள் அடங்குகிறது. ஒன்பது வாட் அங்கே தேவைப்படவில்லை.

மதிப்பெண் கொடுக்க வேண்டுமானால், கடைப் பல்புக்குப் பத்துக்கு எட்டு. ஒன்று கழிவது மூடிய கூட்டுக்கு ஆகாது என்ற எச்சரிக்கையை எறும்பெழுத்தில் அச்சிட்டதற்காக, இன்னொன்று பெட்டியில் உள்ள மணிக்கணக்கைச் சாமானியருக்குப் புரியும்படி விளக்காததற்காக. எல்இடி குழலுக்கு ஒன்பது. சந்தைப் பல்புக்கு, சாமான் அறையில் இன்னும் எரிகிற அந்த ஒன்றை மதித்து, இரண்டு. கடைக்கு ஏழு, அடுத்த சரக்கில் 3000 கெல்வின் பல்பு நான்கைந்து வருவதாக அந்த இளைஞர் சென்ற வாரம் சொன்னார். வந்தால் சாமி மேடைக்கு ஒன்றை எடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். நோட்டில் பதினைந்தாவது வரி காலியாகத்தான் இருக்கிறது.